பேச்சியம்மாளின் புரோலாக்டின்

1. சட்டைப் பையில் வந்த ரத்தம்

ஒரு ஸ்பின்னிங் மில்லின் வேன் டிரைவர், ரத்தம் நிரப்பிய டெஸ்ட் டியூபைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்தார். டியூபின் வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி, அதில் ‘பேச்சியம்மாள்’ என்று எழுதியிருந்தார்கள். வேறு எந்த விவரமும் இல்லை.

“அக்கா, எங்க டாக்டர் அவசரம்னு சொன்னாரு. வலிப்பா நடிப்பான்னு பாக்கணுமாம்.”

அவர் நீட்டிய சீட்டில் ‘சீரம் புரோலாக்டின்’ என்று இருந்தது. தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் வலிப்புக்காக அந்த டெஸ்ட் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எப்போதாவது குழந்தை இல்லாத பெண்களுக்கு எழுதுவார்கள். நாங்கள் சீரத்தைப் பிரித்து, ஐஸ் பிளாஸ்கில் வைத்து மதுரைக்கு பஸ்ஸில் அனுப்புவோம். அங்கே ஆர்.ஐ.ஏ. என்ற கதிரியக்க முறையில் அளந்து சொல்வார்கள்.

“வலிப்பு எப்போ வந்துச்சு?” என்று கேட்டேன்.

“நேத்து மத்தியானம் ஷிஃப்ட்ல. ரத்தம் இப்பத்தான் எடுத்தாவ.”

நான் அந்த நர்சிங் ஹோமில் எண்பதுகளின் நடுவில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தவள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நர்சிங் ஹோம் டாக்டர் சங்கரலிங்கத்துடையது. பொது மருத்துவம் படித்தவர், ஆனால் வலிப்பு நோயாளிகளை அக்கறையோடு பார்ப்பவர் என்பதால் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். நான் டியூபையும் சீட்டையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே மில் டாக்டருக்கு போன் போட்டார். இந்தப் பக்கப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

“நேத்து வந்த வலிப்புக்கு இன்னைக்கு ரத்தம் எடுத்து என்ன செய்ய? ... கான்ஃபரன்ஸ்ல கேட்டீங்களா, சரி. கேட்டத முழுசா கேட்டீங்களா? ... இல்ல சார், அந்த ஹார்மோன் ஏறுனா ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல பழைய அளவுக்கு எறங்கிரும். இப்போ எடுத்தா நார்மலாத்தான் இருக்கும். ... முடிவு நீங்க பாத்துக்கிடுவீங்களா? அப்போ டெஸ்டையும் நீங்களே பாத்துக்கிடுங்க.”

போனை வைத்துவிட்டு, “கிரேஸ், இத வாங்காதம்மா. திருப்பி அனுப்பு” என்றார்.

டிரைவர் டியூபை மறுபடி சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போனார். சித்திரை வெயில். அந்த ரத்தம் அப்படியே யார் யார் கையிலோ மாறி மதுரைக்குப் போய்விட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. நார்மல் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தினார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்று லேபில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. “மொதல்ல நான் நடிக்கலைன்னு எழுதித் தாங்க”

கொஞ்ச நாள் கழித்துப் பேச்சியம்மாளே வந்தாள், அவளுடைய அம்மா மாடத்தியோடு. மம்சாபுரத்துக்காரர்கள். பேச்சியம்மாளை வ. புதுப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும், குழந்தை இல்லை. மில்லில் ரிங் ஃப்ரேம் பகுதியில் வேலை. அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே மெஷின் நெடுக நடக்கும் வேலை அது. இடது கன்னத்தில் ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது.

அன்று மில்லில் நடந்ததை மாடத்திதான் சொன்னாள்.

“வேல பாத்துக்கிட்டு இருந்தவ திடீர்னு நின்னுட்டாளாம் சார். வாய மென்னுக்கிட்டு, சேலய நோண்டிக்கிட்டு, ஃப்ரேம விட்டு வெளிய நடந்துட்டா. சூப்பரைசர் கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லல. அவன் கையப் பிடிச்சு இழுத்திருக்கான். இவ ஒதறிட்டா. அறைஞ்சுட்டான் சார். இவளுக்கு எதுவுமே தெரியாது.”

“அறைஞ்சதும் தெரியாதா?”

“கன்னம் எரியுதேன்னு பொறவுதான் தொட்டுப் பாத்தேன்” என்றாள் பேச்சியம்மாள்.

மில் நிர்வாகம் என்ன செய்தது? அறைந்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையை விட்டு வேண்டுமென்றே நடந்து போனாள், மேலதிகாரியின் கையைத் தட்டிவிட்டாள், வலிப்பு என்று நடித்தாள் என்று இவளுக்கு சார்ஜ் ஷீட் கொடுத்தது. நடித்தாள் என்பதற்கு ஆதாரம் மதுரையிலிருந்து வந்த புரோலாக்டின் நார்மல் ரிப்போர்ட். விசாரணை என்று உட்கார வைத்து, அன்றைக்கே டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள்.

அது வீட்டிலும் போய் விடிந்தது. அதுவரை புகுந்த வீட்டில் அவளுக்குக் காற்றுக் கருப்பு என்று சொல்லி மந்திரித்துக்கொண்டிருந்தார்கள். மில் ‘நடிப்பு’ என்று எழுதியது தெரிந்த பிறகு மந்திரிப்பது நின்றது, அடிப்பது தொடங்கியது. பேச்சியம்மாள் வெறித்துப் பார்த்தபடி நின்றால் மாமியார் விளக்குமாற்றை எடுப்பாளாம். “டாக்டரே எழுதிக் குடுத்துட்டாவ, இன்னுமா ஏட்டி நடிக்க?” என்று கேட்டுக் கேட்டு அடிப்பாளாம். புருஷன் முருகேசன் பார்த்துக்கொண்டே நிற்பான். மாடத்தி போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

டாக்டர் பொறுமையாக எல்லாம் கேட்டார். வருவதற்கு முன் ஏதாவது தெரியுமா என்று கேட்டதற்கு, ரப்பர் கருகும் வாடை வரும் என்றாள். பதினாறு வயதிலிருந்து வருகிறது. மாதவிலக்குக்கு முந்தின இரண்டு மூன்று நாட்களில்தான் அதிகம். விழுந்து கை கால் வெட்டி இழுத்தது வாழ்நாளில் இரண்டே தடவை.

“இது காம்ப்ளெக்ஸ் பார்ஷியல் வகை” என்று டாக்டர் என்னிடம் சொன்னார். “விழமாட்டாங்க, நுரை தள்ளாது. அதனாலதான் ஊரு நம்பாது. மூளையில காதுக்கு உள்பக்கமா இருக்குற டெம்பொரல் பகுதியில இருந்து கெளம்பும். அதுக்குப் பக்கத்துலதான் பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு போடுற எடம் இருக்கு. வலிப்பு அங்க போய்த் தட்டுனா பிட்யூட்டரி புரோலாக்டினக் கொட்டும். கை கால் வெட்டி வார பெரிய வலிப்புலயும் அப்படித்தான். ஆனா எல்லா வலிப்புலயும் ஏறாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க செத்த நேரம் கண்ணு சொருகி நிக்குமே, அந்த வகையில ஏறாது. சட்டு சட்டுனு கை மட்டும் துள்ளுற வகையில ஏறாது. ஏறுனாலும் சீக்கிரமே எறங்கிரும். அதனால ஏறியிருந்தா வலிப்புன்னு சொல்ல ஒரு சாட்சி. ஏறலைன்னா ஒண்ணுமே சொல்ல முடியாது. ஒண்ணுமே சொல்ல முடியாதத வச்சு ஒரு பொண்ணு சோத்துல மண்ணப் போட்டிருக்கான்.”

அவர் கார்பமசெபின் மாத்திரை எழுதினார். கொஞ்சமாகத் தொடங்கி வாராவாரம் கூட்ட வேண்டும். பேச்சியம்மாள் சீட்டை வாங்கவில்லை.

“மாத்திரையப் பொறவு திங்கேன் சார். மொதல்ல நான் நடிக்கலைன்னு எழுதித் தாங்க. மாத்திரை தின்னு வலிப்பு நின்னுட்டா, பொறவு எப்படி நான் நிரூபிக்க?”

டாக்டர் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார். “நிரூபிக்கணும்னு நோவ வரவிட்டு வேடிக்க பாக்க எனக்குக் கை வராதும்மா. அடுப்பு முன்னால வந்தா என்ன ஆகும்? கெணத்தடியில வந்தா? மாத்திரைய இன்னைக்கே ஆரம்பி. மருந்து முழு அளவுக்கு வாரதுக்குள்ள வலிப்பு வந்தா ரத்தம் எடுத்துக்கிடுவோம். வராமப் போனா அது நல்லதுதான்.”

“அது ஒங்களுக்கு நல்லது சார்” என்றாள் அவள். அந்தப் பதில் என்னைச் சுட்டது. ஆனாலும் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

3. லேபில் வந்த வலிப்பு

டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் காலையில் வந்து சாயங்காலம் வரை லேபில் என்னோடு இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு, உடனே ரத்தம் எடுக்கவும் ஆள் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வலிப்பு இல்லாத ஒரு நாளில் காலை வேளையில் முதல் ரத்தத்தை எடுத்து வைத்தேன். தூங்கி எழுந்த உடனே எடுக்கக் கூடாது, அப்போது புரோலாக்டின் இயல்பாகவே ஏறியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பேச்சியம்மாள் சும்மா உட்கார மாட்டாள். பஞ்சு உருட்டித் தருவாள், கட்டுப் போடும் காஸ் துணி மடித்துத் தருவாள். மில்லைப் பற்றிப் பேசும்போது முகம் மாறிவிடும். நூல் அறுந்தால் அது உருளையில் சுற்றிக்கொள்வதற்குள் ஒட்டிவிடும் வேகம் தனக்கு உண்டு என்று பெருமையாகச் சொல்வாள். வேலை போனதைவிட, அத்தனை பேர் முன்னால் ‘நடிப்புக்காரி’ என்று பேர் வாங்கியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் பதினொரு மணி வாக்கில் காஸ் மடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

“அக்கா, ரப்பர் கருகுது.”

நான் திரும்புவதற்குள் அவள் கண் எங்கோ நிலைகுத்திவிட்டது. வாய் எதையோ மெல்வதுபோல அசைந்தது. வலது கை விரல்கள் சேலை மடிப்பைப் பிடித்து இழுத்து இழுத்து விட்டன. கூப்பிட்டேன். பதில் இல்லை. எழுந்து நடந்தாள். லேப் மாடியில் இருந்தது. நான் ஓடிப்போய்ப் படிக்கட்டுக் கதவைச் சாத்தினேன். பிடித்து இழுக்காதே, இடித்துக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கூடவே நடந்தேன். சுவர் வரை போய் நின்று, சுவரைத் தடவினாள். மில்லில் இதைத்தான் செய்திருப்பாள். இதற்குத்தான் அறை வாங்கியிருக்கிறாள்.

சத்தம் கேட்டு டாக்டர் மேலே வந்தார். அதற்குள் வாய் அசைவது நின்றுவிட்டது. பெஞ்சில் உட்கார வைத்தோம். யார், என்ன என்று புரியாமல் விழித்தாள்.

“இப்பவே எடுக்கட்டுமா சார்?”

“இல்ல. இன்னும் செத்த நேரம் போகட்டும். ஏறுறதுக்கு நேரம் குடுக்கணும்.”

கால் மணி நேரம் கழித்து, அவளுக்குத் தெளிவு வந்த பிறகு, கையைக் கட்டி ரத்தம் எடுத்தேன். வலிப்பு முடிந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் லேபிளில் எழுதினேன். ஊசி குத்தியதும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

“வந்துச்சா அக்கா? நெசமாவே வந்துச்சா? எடுத்துட்டியளா?”

“எடுத்துட்டேன்.”

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இத்தனை வருட வேலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தனக்கு வலிப்பு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்ட ஒரு பெண்ணை அன்றுதான் பார்த்தேன். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டவர்களை நினைத்து எனக்கு நெஞ்சு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

சீரத்தைப் பிரித்து, முன்பு எடுத்து ஃப்ரீசரில் வைத்திருந்ததையும் சேர்த்து, ஐஸ் பிளாஸ்கில் நானே மதுரைக்குக் கொண்டுபோனேன். முதல் ரத்தத்தில் நார்மல். வலிப்புக்குப் பின் எடுத்ததில் அதைப்போலப் பல மடங்கு. டாக்டர் அவளை மதுரைக்கு அனுப்பி, மூளையின் மின்துடிப்பைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் எடுக்க வைத்தார். அதிலும் டெம்பொரல் பகுதியில் கோளாறு தெரிந்தது. வலிப்பைத் தாமே கண்ணால் பார்த்ததையும் சேர்த்து சர்டிஃபிகேட் எழுதினார்.

4. மேனேஜர் அறை

டாக்டர், பேச்சியம்மாள், மாடத்தி, நான் என்று நான்கு பேரும் மில்லுக்குப் போனோம். ரத்தம் எடுத்தது நான் என்பதால் என்னையும் வரச்சொல்லியிருந்தார். பெர்சனெல் மேனேஜர் டாக்டரையும் என்னையும் உட்காரச் சொன்னார். பேச்சியம்மாளையும் மாடத்தியையும் சொல்லவில்லை. டாக்டர் உட்காரவில்லை. அதனால் எல்லாரும் நின்றோம். மில் டாக்டரும் அங்கே இருந்தார்.

மில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஓ, நல்லா ஏறியிருக்கே. இன்ட்ரஸ்டிங்” என்றார். அவ்வளவுதான். தவறு என்று ஒரு சொல் வரவில்லை. யாருடைய ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறோமோ, அவள் எதிரே நிற்கிறாள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

மேனேஜர் சிரித்த முகமாக இருந்தார். “ரொம்ப சந்தோஷம் டாக்டர். ஆக, நோய்தான்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நோய்க்காரிய நான் எப்படி மெஷின் பக்கம் விடுறது? நாளைக்குக் கைய உள்ள விட்டுட்டா பொறுப்பு யாரு? ஒழுங்கு நடவடிக்கைய வேணா ரத்து பண்ணிருவோம். மெடிக்கலி அன்ஃபிட்னு போட்டு அனுப்பிருவோம். பொண்ணுக்கும் கௌரவம்.”

டாக்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்று போட்டார்.

“போன மாசம் நெசம் இல்லைன்னு வெரட்டுனீங்க. இந்த மாசம் நெசம்னு வெரட்டுறீங்க. வெரட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான ரத்தம் எடுக்கச் சொன்னீங்க? ஏறுனாலும் போ, ஏறலைன்னாலும் போன்னா, எதுக்குய்யா டெஸ்ட்டு?”

“நீங்க கோவப்படாதீங்க. ரூல்ஸ் அப்படி.”

“ரூல்ஸ்ல அறையச் சொல்லியிருக்கா?”

மேனேஜர் ஃபைலை மூடினார். பேச்சியம்மாள்தான் பேசினாள். அதுவரை குனிந்தே நின்றவள் நிமிர்ந்தாள்.

“ஃப்ரேம் பக்கம் விடாண்டாம் சார். பேக்கிங்ல மெஷின் இல்லல்லா? நூல் சுத்துன கோன அடுக்கி அட்டப்பெட்டி கட்டுத வேலதான. அங்க விடுங்க. ஆனா நான் நடிச்சேன்னு எழுதுனத மொதல்ல அடிச்சுப் போடுங்க.”

“பாக்கலாம்மா” என்றார் மேனேஜர். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிறகு யூனியன் இதைக் கையில் எடுத்தது, லேபர் ஆபீசர் வரை போனது. டாக்டர் ஒவ்வொரு தேதிக்கும் நோயாளிகளைக் காத்திருக்க வைத்துவிட்டுப் போய் வந்தார். கடைசியில் மில் இறங்கி வந்தது. சார்ஜ் ஷீட் ரத்தானது. பேக்கிங் பகுதியில் வேலை கிடைத்தது. அறைந்த சூப்பர்வைசர் மட்டும் அதே ரிங் ஃப்ரேமில் அதே நாற்காலியில் இருந்தான். அவனுக்கு எந்த விசாரணையும் இல்லை.

5. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு

நாங்கள் கொடுத்த சர்டிஃபிகேட்டும் ரிப்போர்ட்டும் மில் ஆபீசில் இருந்தன. நோயாளியின் ரிப்போர்ட் பூட்டி வைக்க வேண்டிய பொருள் என்று அந்த ஆபீசில் யாரும் நினைக்கவில்லை. முருகேசனின் சொந்தக்காரன் ஒருவன் அங்கே வேலை பார்த்தான். நகல் வ. புதுப்பட்டிக்குப் போய்விட்டது.

கொஞ்ச நாளில் பேச்சியம்மாளுக்குக் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வலிப்பு, அதனால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று அறிவிக்கக் கேட்டிருந்தான் முருகேசன். அன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவரோடு நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்று, பைத்தியத்துக்குப் பக்கத்திலேயே வலிப்பையும் எழுதி வைத்திருந்தார்கள்.

எவ்வளவு வசதி பாருங்கள். நடிப்பு என்று சொன்ன ரிப்போர்ட்டை நம்பி அடித்தார்கள். நிஜம் என்று சொன்ன ரிப்போர்ட்டை நம்பித் தள்ளிவிட வந்தார்கள்.

டாக்டரையும் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது முருகேசனின் வக்கீல். எங்கள் ரத்தப் பரிசோதனை அவருக்கு ஆயுதமாகிவிட்டது. முதலில் நான் கூண்டில் ஏறினேன்.

“இந்த ரத்தத்த எடுத்தது நீங்கதான?”

“ஆமா.”

“வலிப்பு வந்தத நேர்ல பாத்தீங்களா?”

“பாத்தேன். ஆனா அந்தப் பொண்ணு வேல செய்யுத, குடும்பம் நடத்துத தெறமைக்கும் இந்த டெஸ்டுக்கும்...”

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

நான் இறங்கிவிட்டேன். டாக்டரையும் அப்படித்தான் அடக்கினார்கள்.

பேச்சியம்மாளின் வக்கீல் நல்ல மனிதர். முதல் நாளே அவளைக் கூப்பிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மில்லில்தான் முதல் தடவை வந்தது என்று மட்டும் சொல்லிவிடு, வழக்கு நிற்காது என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் கூண்டில் ஏறினாள். எதிர்த் தரப்பு வக்கீல் எப்போதிருந்து வலிப்பு என்று கேட்டார்.

“பதினாறு வயசுல இருந்து.”

அவளுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை, முருகேசனைக் கை காட்டிச் சொன்னாள்.

“பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்கம்மா அவியகிட்டச் சொல்லிட்டா. இப்படி வெறிச்சுப் பாப்பா, செத்த நேரத்துல சரியாயிரும்னு சொன்னா. இவிய அம்மா, அது கல்யாணமானா சரியாயிரும்னாவ. இவியளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாவ. தாலி கட்டுன பொறவு எத்தனையோ மட்டம் எனக்கு வாய் தொடச்சு விட்டிருக்காவ. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க.”

எதிர்த் தரப்பு வக்கீல் பதினாறு வயது என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் அவளிடம், “ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்போமேம்மா” என்றார்.

“மில்லுல நடிச்சேன்னு சொன்னாவ. நடிக்கலைன்னு நிரூபிக்க எம்புட்டுப் பாடு பட்டேன். இப்போ கோர்ட்டுல ஏறி நெசமாவே நடிக்கச் சொல்லுதியளா சார்?” என்று கேட்டாள்.

கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பானது. நீதிபதியைக் குறை சொல்ல முடியாது, சட்டத்தில் இருந்ததைத்தான் அவர் எழுதினார். முன்பே சொன்னார்களா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. சட்டத்தில் அதை எழுதிவைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். சர்க்கரை நோய்க்காரரின் கல்யாணம் செல்லும், இருதய நோய்க்காரரின் கல்யாணம் செல்லும். மாதத்தில் இரண்டு தடவை சில நிமிடம் தன்னை மறக்கிறவளின் கல்யாணம் மட்டும் செல்லாது. முருகேசன் அடுத்த முகூர்த்தத்திலேயே வேறு பெண்ணைக் கட்டினான் என்று கேள்விப்பட்டேன்.

6. பிறகு

மாத்திரை முழு அளவுக்கு வந்த பிறகு பேச்சியம்மாளுக்கு வலிப்பு குறைந்துகொண்டே வந்தது. பிறகு வருடத்துக்கு ஒன்று என்றாகி, அதுவும் நின்றது. மம்சாபுரத்திலிருந்து மில் வேனில் வேலைக்கு வந்துபோனாள். பேக்கிங் பகுதியில் புதிதாகச் சேரும் பெண்களை அவளிடம்தான் பழக விடுவார்கள் என்று மாடத்தி ஒருமுறை சொன்னாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணச் சட்டத்திலிருந்து ‘வலிப்பு’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். மாத்திரை வாங்க வந்த பேச்சியம்மாளிடம் டாக்டர் அதைச் சொன்னார். அவள் யோசித்தாள்.

“இனிமே வாரவங்களுக்குத்தான சார் அது?”

“ஆமாம்மா.”

“நல்லது. அவங்களாவது பொழைச்சுக்கிடட்டும்” என்றாள். பிறகு, “எனக்கும் சேத்து முன்தேதி போட்டு எடுத்திராம இருக்கணும். நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போமாட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அதே மில் டாக்டர் பிறகும் ஒருமுறை சீட்டு அனுப்பினார். இந்தத் தடவை ஒரு ஆண் தொழிலாளி. வலிப்பு வந்த நேரம் எழுதவில்லை, ரத்தம் எடுத்த நேரம் எழுதவில்லை. ‘நடிப்பா என்று அறிய’ என்று மட்டும் எழுதியிருந்தார். இத்தனைக்குப் பிறகும்! டாக்டரைக் கேட்காமலே நான் திருப்பி அனுப்பினேன். கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இப்போது மெஷின்கள் மாறிவிட்டன. மதுரைக்குப் பிளாஸ்க் தூக்க வேண்டியதில்லை, புரோலாக்டின் அன்றைக்கே பார்த்துவிடலாம். ஆனால் பிட்யூட்டரி அப்படியேதான் இருக்கிறது. அதனால் வலிப்புக்கு என்று இந்த டெஸ்ட் வந்தால் கேளுங்கள். வலிப்பு எப்போது முடிந்தது, ரத்தம் எப்போது எடுத்தது? விழுந்து வெட்டியதா, வெறித்துப் பார்த்ததா, கண் மட்டும் சொருகியதா? பால் கொடுக்கும் தாயா? மனநோய்க்கு, வாந்திக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? இவை எல்லாம் அந்த அளவை மாற்றும். வலிப்பு இல்லாத நாளில் எடுத்த ரத்தம் ஒன்று பக்கத்தில் இல்லாமல் தனியாக ஒரு எண்ணைக் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டை நோயாளியின் கையில் கொடுங்கள், முதலாளியின் கையில் கொடுக்காதீர்கள்.

நாம் அளப்பது ஒரு சுரப்பி ரத்தத்தில் எவ்வளவு விட்டது என்பதை மட்டும்தான். ஒருத்தி பொய் சொல்கிறாளா என்று பார்க்கச் சொல்லி யாராவது ரத்தத்தைக் கொண்டுவந்தால், வாங்காதீர்கள். அதைப் பார்க்க நம்மிடம் டெஸ்ட் இல்லை.